ஜூன் மாதத்துக் கணக்கு

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரை சாலையில், சிற்றாற்றை ஒட்டிய ஊர் கங்கைகொண்டான். தாமிரபரணிச் சமவெளியில் நெல்லுக்கு இரண்டு போகம். ஜூன் வாக்கில் கார், ஐப்பசி வாக்கில் பிசானம். பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூனில்தான். உழவுக்கும் விதைக்கும் கைக்காசு வயலில் இறங்கும் நேரம் பார்த்துப் புத்தகம், சீருடை, கட்டணம் என்று பிள்ளையின் செலவும் வாசலில் வந்து நிற்கும். இந்த வட்டாரம் பிள்ளைகளைப் படிக்கவைத்த வரலாறு, பெரும்பாலும் ஜூன் மாதத்தைத் தாண்டிய வரலாறு.

முதல் வழியைக் காட்டியது விருதுநகர். அங்கே நாடார் வணிகர்கள் 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை கட்டினார்கள். வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்தார்கள். சேர்ந்த பிடியரிசி பள்ளிக்குப் போனது. ரொக்கம் புழங்காத வீட்டிலும் அரிசி புழங்கியது. ஆண்டுச் செலவு அன்றாடச் சமையலில் கரைந்தது.

அந்தப் பள்ளியில் படித்தவர் காமராசர். அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1960-இல், ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்குள் இருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு இலவசமானது.

கல்லூரிச் செலவு மிஞ்சியது.

அதைச் சுமந்ததில் பீடித்தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பெண்கள் மடியில் தட்டை வைத்து, இலையைக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுவார்கள். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். வாரக் கூலியில் ஒரு பங்கு சீட்டுக்குப் போகும். கல்லூரி சேர்க்கை நேரத்தில் அவசரக்காரர் சீட்டைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். அதுவும் போதாவிட்டால் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகும். பீடித் தொழிலாளர் நல நிதிக்கு 1976-இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது; அந்த நிதியிலிருந்து பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தது.

2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் கணக்கைத் தலைகீழாக்கியது. அன்றைய விதிப்படி நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டியிருக்கவில்லை. படிப்பு முடிந்து ஓராண்டிலோ வேலை கிடைத்த ஆறு மாதத்திலோ தவணை தொடங்கியது. பிடியரிசியும் சீட்டும் முன்கூட்டிச் சேர்த்த பணம். கடனோ பிள்ளையின் வருங்காலச் சம்பளத்திலிருந்து எடுத்த முன்பணம். வேலை தள்ளிப்போன வீடுகளில் அப்பாவின் பெயருக்கும் வங்கிக் கடிதம் வந்தது.

கங்கைகொண்டானில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 2025 பிப்ரவரியில் அங்கே திறக்கப்பட்ட டாடா பவர் சூரிய மின்தகடு ஆலையில் பெண்களே பெரும்பான்மை. ஆயிரம் பீடிக்குக் கூலி பார்த்த மாவட்டத்துப் பெண்கள் அங்கே மாதச் சம்பளம் வாங்குகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அது அப்பா கைக்கோ அம்மாவின் சீட்டுக்கோ போவதில்லை. நேரே அவள் வங்கிக் கணக்கில் ஏறுகிறது.