மருந்து தவறாமை: ஒரு வழக்கத்தின் வரலாறு

சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் மாதந்தோறும் கிளினிக்குச் சென்று, கொப்பியைக் காட்டி, மாத்திரைகளை வாங்கிவந்து, ஆயுள் முழுவதும் உட்கொண்டுவரும் வழக்கம் இன்று எந்த வீட்டாருக்கும் புதுமையானதன்று. ஆயினும், உபத்திரவம் நீங்கித் தேகம் தேறிய பின்னரும் மருந்தை விடலாகாது என்னும் நியமம் மனிதருக்கு இயல்பாக வந்ததொன்றன்று. கடலுக்கு அப்பாலுள்ள சென்னை நகரத்தின் நெருக்கமான குடியிருப்புகளிலே பொறுமையோடு பரிசோதிக்கப்பட்டு வைத்திய உலகம் அறிந்துகொண்டவற்றுக்கு அதிலே பெரும்பங்கு உண்டு. எச்.ஐ.வி. கிருமியோடு வாழ்வோரின் ஆயுள் இன்று நீண்டிருப்பதன் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அங்கிருந்தே தொடங்குதல் தகும்.

1956ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி அந்நகரில் ஸ்தாபித்த சயரோகச் சிகிச்சை நிலையம், வாலஸ் பாக்ஸ் என்னும் வைத்தியரின் தலைமையிலே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாரைச் சனட்டோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நல்ல காற்றும் ஓய்வும் போஷாக்கான உணவும் பெற்றவர்களில் நூற்றுக்கு 92 பேரும், இவை யாதுமின்றி வீட்டிலேயே கிடந்தவர்களில் நூற்றுக்கு 86 பேரும் கிருமி நீங்கப் பெற்றனர் என்ற முடிவு 1959இல் வெளியானபோது, சனட்டோரியம் என்ற ஸ்தாபனத்தின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டது.

ஆனால் நம் விஷயத்துக்கு அதனினும் முக்கியமானது, வீட்டிலிருந்தோர் மருந்தை உண்மையிலே உட்கொண்டனரா என்று அந்நிலையத்தார் அறிய முயன்ற விதமாகும். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளுள் ஒன்றான பி.ஏ.எஸ். நாளொன்றுக்குப் பல கிராம் அளவிலே விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டுவது. முன்னறிவிப்பின்றி வீட்டு வாசலிலே வந்து நின்ற ஊழியர்கள் மீதமிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீரை வாங்கிச் சோதித்தனர். அதிலே சந்தேகம் உண்டு, கருணையும் உண்டு. குணமாக வேண்டுமென்று மெய்யாகவே விரும்பியவர்கள்கூட மருந்தைத் தவறவிட்டனர் என்பதைக் கண்ட அவர்கள், நோயாளியைக் கடிந்துகொள்வதோடு நில்லாமல், சிகிச்சை முறையையே மாற்ற முற்பட்டு, வாரத்தில் இருமுறை மட்டும் ஊழியரின் முன்னிலையிலே மருந்து கொடுக்கும் வழியை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டனர். இந்த மனப்பாங்கே இவ்வரலாற்றின் உயிர்நாடி என்பது என் துணிபு.

அதே சென்னையில்தான் 1986இல், வைத்தியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகளிலே இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் வெளிப்பட்டன, அடுத்த ஆண்டில் இலங்கையர் ஒருவரிடத்திலும் அது காணப்பட்டது. 1928இல் சௌரி முத்து என்னும் வைத்தியர் சயரோகிகளுக்காக நிறுவிய தாம்பரம் சனட்டோரியம், எவரும் ஏற்காத எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பின்னாளில் புகலிடமாயிற்று. 1987இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஏ.இசட்.டி. என்னும் எச்.ஐ.வி. மருந்தை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் எழுந்து விழுங்க வேண்டியிருந்தது. 1996இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்து மரணத்தை வெகுவாகக் குறைத்தது. எனினும் அவற்றுள் ஒன்றான இண்டினவிரை எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வெறும் வயிற்றிலே, சிறுநீரகத்திற் கல் உண்டாகாதபடி நிறையத் தண்ணீரோடு உட்கொள்ள வேண்டும் என்றிருந்தது. சஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இடையே பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரு மிடறு நீரும் அருந்தாத நம் ஊரவருக்கு அது எத்துணை இடராயிருந்திருக்கும்! நோயாளிக்கு நோன்பிலே சலுகை உண்டு. ஆனால் அச்சலுகையைப் பயன்படுத்துகிறவர் ஏனென்று கேட்கும் வீட்டாருக்கு விடை சொல்ல வேண்டுமே.

இத்தனை கண்டிப்புக்குக் காரணம் கிருமியின் சுபாவம். அது அதிவேகமாகப் பெருகுவது. பெருகுந்தோறும் தன்னைப் பிழையாகப் பிரதி செய்துகொள்வது. இரத்தத்திலே மருந்தின் அளவு தாழும் நாட்களில், அம்மருந்துக்கு அடங்காத பிரதிகள் எஞ்சித் தழைக்கின்றன. பின்னர் அதே மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டாலும் பயன் குன்றும்.

2001இல் சிப்லா என்னும் மருந்து நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையிலே மருந்து தர முன்வந்ததும், மூன்று மருந்துகளும் ஒரே மாத்திரையில் அடங்கியதும் நிலைமையை மாற்றின. இந்திய அரசாங்கம் 2004 ஏப்ரலில் இலவச சிகிச்சையைத் தொடங்கிற்று. இலங்கையிலும் அவ்வாண்டிலேயே அது ஆரம்பமாயிற்று. இடையிடையே மருந்தை நிறுத்தி உடம்புக்கு ஓய்வளிக்கலாமா என்ற கேள்விக்கு, 33 நாடுகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த பெரிய ஆய்வு 2006இல் விடை கூறிற்று: நிறுத்தியவர்களிடையே மரணம் மிகுந்தது, இருதயம், ஈரல், சிறுநீரக நோய்களுங்கூட அதிகரித்தன. சென்னையும் பங்கேற்ற மற்றோர் ஆய்வு, மருந்தைத் தாமதியாமல் முன்னரே தொடங்கி உட்கொள்பவரிடமிருந்து வாழ்க்கைத் துணைக்குத் தொற்று பரவுதல் நூற்றுக்கு 96 பங்கு குறைகிறது என்று 2011இல் காட்டிற்று. கிருமி இரத்தத்திலே அளவிட முடியாதபடி அடங்கியிருக்கும் வரையில், தாம்பத்திய உறவின் வழியாக அது பரவுவதில்லை என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை.

நாளொன்றுக்கு ஒரு மாத்திரை என்ற அளவுக்குச் சிகிச்சை எளிதாகிவிட்ட இக்காலத்திலே எஞ்சி நிற்கும் தடை, மாத்திரைப் போத்தலை அலுமாரியிலே மறைத்து வைக்கவும், தெரிந்தவர் காணாதபடி தூரத்து நகருக்குப் பஸ் ஏறவும் ஒருவரை நிர்ப்பந்திக்கும் நம்முடைய நாவேயாகும். அண்டை வீட்டாரின் கிளினிக் கொப்பி எதற்கென்று துருவிக் கேளாதிருங்கள். மருந்தை இடையிலே விட்டுவிட்டவர்களும், குற்றவாளியைப் போல ஒதுங்காமல், அரசாங்கக் கிளினிக்குக்குத் திரும்பிச் சென்று வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். சிகிச்சையை மறுபடியும் தொடங்கலாம், அது இலவசமே.