ஸ்டாக்ஹோமில் ஒரு திருவல்லிக்கேணிக்காரர்

எதிர்வீட்டுப் பையனுக்கு ஸ்டாக்ஹோமில் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் தடித்த ஃபைல் ஒன்றோடு வந்தான். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க. பேப்பர் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க" என்றான். பாஸ்போர்ட் நகல், வேலை உத்தரவு, பட்டச் சான்று, பேங்க் கணக்கு. எல்லாம் வரிசையாக இருந்தது. கவலை அவன் அம்மாவுக்குத்தான். "ரொம்ப அமைதியான ஊராமே, பேச்சுத் துணைக்கு நம்ம ஆளுங்க இருப்பாங்களா?" என்று கேட்டார். நூறு வருஷத்துக்கு முன்பே திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர் அங்கே குடியிருந்தார் என்றேன். அஸ்தம்பட்டியில் யாரும் நம்பவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரி, சுருக்கமாக எம்.பி.டி. ஆச்சார்யா. 1887-ல் பிறந்தவர். பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' பத்திரிகையை நடத்தியது இவருடைய மண்டயம் குடும்பம்தான். 1908-ல் சென்னையில் கைது நடவடிக்கை தொடங்கியதும் பத்திரிகை புதுச்சேரிக்கு இடம் மாறியது. ஆச்சார்யாவும் அங்கே வந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் போலீஸ் கை வைக்க முடியாது. ஆனால் ஒற்றர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த வருஷக் கடைசியில் கொழும்பு வழியாக மார்செய்க்குக் கப்பல் ஏறிவிட்டார். வயது 21.

பிறகு பாரிஸ், லண்டன், லிஸ்பன், பெர்லின், கான்ஸ்டான்டிநோபிள், நியூயார்க். அவர் போன ஊர்களை வரிசையாகச் சொன்னால் ரயில்வே டைம்டேபிள் மாதிரி ஆகிவிடும். ஸ்டாக்ஹோமுக்கு வருகிறேன்.

1917. முதல் உலகப் போர் மூன்று வருஷமாக நடக்கிறது. ஸ்வீடன் எந்தப் பக்கமும் சேரவில்லை. போரை நிறுத்த வழி பேசுவதற்காக எல்லா நாட்டு சோஷலிஸ்டுகளையும் ஸ்டாக்ஹோமில் கூட்ட ஏற்பாடானது. பெர்லினில் இருந்த இந்தியர் குழு இதுதான் தருணம் என்று சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவையும் ஆச்சார்யாவையும் அங்கே அனுப்பியது. இருவரும் ஓர் அலுவலகம் திறந்தார்கள். சமாதானம் பேசும்போது இந்தியாவின் விடுதலையையும் பேசுங்கள் என்று மாநாட்டுக் குழுவிடம் முறையிட்டார்கள்.

அமைதியான ஊர் என்றாலும் வயிறு அமைதியாக இல்லை. அந்த வருஷ ஜனவரியிலிருந்தே அங்கே ரொட்டிக்கு ரேஷன். வசந்த காலத்தில் பல ஊர்களில் ஜனங்கள் பசி தாங்காமல் தெருவுக்கு வந்தார்கள். டிசம்பரில் மத்தியானம் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

அந்த மாநாடு நடக்கவே இல்லை. தங்கள் நாட்டுப் பிரதிநிதிகளுக்கு பிரிட்டனும் பிரான்ஸும் அமெரிக்காவும் பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டன. ஓர் உலக மாநாட்டையே பாஸ்போர்ட் கொடுக்காமல் நிறுத்த முடியும் என்பது குமாஸ்தாவான எனக்கே புதிய பாடம். இருந்தாலும் இவர்கள் கடையைக் கட்டவில்லை. துண்டுப் பிரசுரமும் கட்டுரையும் அச்சாகிக்கொண்டே இருந்தன. 1918-ல் பிரிட்டிஷார் தங்கள் தரப்பைச் சொல்ல ஸ்கண்டிநேவிய நாடுகளுக்கு ஓர் இந்தியரையே அனுப்பினார்கள். அவர் யார் தெரியுமா? குர்ஆனைப் பின்னாளில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புகழ்பெற்ற அப்துல்லா யூசுஃப் அலி.

போர் முடிந்தபின் ஆச்சார்யா ரஷ்யாவுக்குப் போனார். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கியபோது இருந்தவர்களில் அவரும் ஒருவர். எம்.என். ராயோடு ஒத்துப்போகவில்லை, விலக்கப்பட்டார். மாக்தா நாக்மன் என்ற ரஷ்ய ஓவியரை மணந்துகொண்டு 1922-ல் பெர்லின் திரும்பினார். ஊர் திரும்ப பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்க வருஷக்கணக்கில் ஆனது. இதற்குள் ஹிட்லர் வந்துவிட்டான். மாக்தாவின் அப்பா யூதர்.

இந்த இடம் எனக்கு உறைக்கும். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு படித்த பெரியப்பா மகனும் நானும் ஒரு காகிதத்தால் வேறு வேறு நாட்டுக்காரர்கள் ஆனோம். அவன் துலோன் போனான். நான் சேலம் கலெக்டர் ஆபீசுக்கு வந்தேன்.

ஆச்சார்யா 1935-ல் பம்பாய் வந்து சேர்ந்தார். சென்னையை விட்டுப் போனபோது இருபது வயது கடந்தவர், இப்போது ஐம்பதை நெருங்கியிருந்தார். மாக்தா பம்பாயில் படம் வரைந்து பெயர் எடுத்து 1951-ல் காலமானார். ஆச்சார்யா 1954 மார்ச்சில் அதே ஊரில் இறந்தார். சட்டோ திரும்பவே இல்லை. 1937-ல் ஸ்டாலினின் ஆட்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பையனின் ஃபைலில் ஒரே ஒரு குறை கண்டுபிடித்தேன். பிறப்புச் சான்றில் அப்பாவின் இனிஷியல் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. முதலில் அதைத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். அவன் அம்மா பருப்புப்பொடி இடிக்க ஆரம்பித்துவிட்டார்.