கம்பம் பள்ளத்தாக்கின் பசுமை

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் தெருக்கள் நெருக்கமானவை. ஆயின் ஊரெல்லையைக் கடந்ததும் வயல்வரப்பே நமக்கு உலாப்பாதை. இப்பசுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1876–78இல் தென்னகத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. பின்னர், அரபிக்கடலில் கலந்துவந்த பெரியாற்றைப் பென்னிகுயிக் அணைகட்டித் தடுத்தார். நோய்க்கு இரையான தொழிலாளர் பலர். 1895இல், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் இப்பள்ளத்தாக்கில் இறங்கிற்று. வைகைக்கு ஊற்றாகும் மேகமலைக் காடுகளோ 2021இல் புலிகள் காப்பகமாயின.

ஒருவர் நட்ட மரத்தில் பறவை உண்பதும் அவருக்குத் தருமமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அவ்வாறாயின், ஒரு பள்ளத்தாக்கையே பசுமையாக்கிய அம்மக்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டுள்ளோம்! மாலையில் பிள்ளைகளுடன் வாய்க்கால் கரையில் நடப்போம், இவ்வரலாற்றைச் சொல்வோம், கரையில் குப்பையிடாது திரும்புவோம். இப்பசுமை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.