கடை யாருடையது? சோழமண்டலம் சொல்லும் பாடம்



ஏறாவூரிலிருந்து கல்முனை வரை நீளும் நமது வாவிக்கரை ஊர்களில், பாய் இழைக்கத் தெரிந்த ஓர் உம்மம்மா இல்லாத குடும்பம் முன்பெல்லாம் குறைவு. பன் வெட்டி, காயவைத்து, சாயம் அவித்து, நாட்கணக்கில் குந்தியிருந்து இழைத்த பாய்க்கு விலை சொன்னவர் யார்? வாசலுக்கு வந்த வியாபாரிதான். இழைத்த கைக்கு அந்த விலையில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. இன்று நம் பிள்ளைகளில் நன்றாக வரைபவர்கள் இருக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சையில் சித்திரத்துக்கு ஏ எடுத்த பிள்ளையிடம் கூட "இதால என்ன சாப்பாடு?" என்று கேட்டு, தூரிகையை வைக்கச் சொல்லிவிடுகிறோம்.

இதே கேள்வியை அறுபது வருடங்களுக்கு முன் சென்னையில் ஒருவர் கேட்டார். அவர் கே.சி.எஸ். பணிக்கர், அரசு கலை, கைவினைக் கல்லூரியின் அதிபர். நன்றாகப் படித்து வெளியேறும் மாணவர்கள் பிழைப்புக்காக ஏதோ ஒரு வேலையில் சேர்ந்து ஓவியத்தையே கைவிடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அரசாங்கம் தரட்டும், செல்வந்தர் வாங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. கைவினையால் சாப்பிடுவோம், மிச்ச நேரத்தில் நமக்குப் பிடித்ததை வரைவோம் என்பதே அவர்கள் கண்ட வழி.

நமக்கும் நன்கு தெரிந்த பத்திக் துணிதான் முதலில் கைகொடுத்தது. துணியில் சாயம் பிடிக்கக்கூடாத இடத்தை மெழுகால் மூடி, சாயத்தில் தோய்த்து, பிறகு மெழுகை அகற்றும் வேலை. ஓவியர்கள் கைபட்ட பத்திக் நன்றாக விற்றது. ஓவியர்கள் சேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1966இல் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சுமார் 10 ஏக்கர் மணற்காணி வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஆரம்பத்தில் அங்கே இருந்தவை ஓலைக் குடிசைகள்தான். பின்னர் வீடுகள், பட்டறை, சொந்தக் காட்சிக்கூடம் எல்லாம் வந்தன. காட்சிக்கூடத்தில் விற்பதில் ஒரு பங்கு சங்கத்துக்குப் போகும். நிர்வாகம் பார்ப்பவர்களும் அந்த ஓவியர்களே.

அங்கே குடியேறியவர்களில் நாம் அறிந்திருக்க வேண்டிய ஒருவர் ஜே. சுல்தான் அலி. பழங்குடி மக்களின் கலைவடிவங்களிலிருந்து தன் உருவங்களை எடுத்தவர். இந்தியாவின் முக்கிய ஓவியர்களில் ஒருவர். தனியாக ஒரு வீட்டில் ஒதுங்கியிருக்காமல், பல ஊர், பல மதத்து ஓவியர்களோடு ஒரே சங்கத்தில் சேர்ந்து வாழ்ந்தார்.

பணிக்கர் 1977இல் காலமானார். கிராமம் மூடப்படவில்லை. காணி ஒருவருடைய தயவில் கிடைத்ததல்ல என்பதே காரணம். 2009இல் அங்கே நூதனசாலையோடு கூடிய புதிய கலை மையமும் திறக்கப்பட்டது.

இதை நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1943இல் கொழும்பில் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ், மஞ்சுசிறி முதலியோர் சேர்ந்து '43 குழு'வை அமைத்தார்கள். திறமையில் யாருக்கும் குறைந்தவர்களல்ல. அவர்களுடைய படங்கள் வெளிநாட்டிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் எல்லோருக்கும் பொதுவான காணியோ கடையோ அவர்களிடம் இருக்கவில்லை. வென்ட் 1944இலேயே மறைந்தார், மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். அவர்களுடைய ஓவியங்களில் ஒரு பகுதியை இன்றும் நாம் பார்க்க முடிவது, ஹரி பீரிஸ் பான்ஸ் பிளேஸில் உள்ள தன் வீட்டையே அதற்காக விட்டுச் சென்றதால். அது ஒரு நல்ல மனிதரின் கொடை. எல்லா ஊருக்கும் ஒரு ஹரி பீரிஸ் கிடைப்பதில்லை.

சோழமண்டலத்திலும் குறைகள் உண்டு. முதல் தலைமுறையினர் பலர் மறைந்துவிட்டார்கள். அன்று யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மணற்காணி இன்று நகரத்தின் விலையுயர்ந்த வீதியோரம். அடுத்து யார் பொறுப்பெடுப்பது என்ற கேள்வி கூட்டுச் சொத்து எதற்கும் வரும். சங்கக்கடைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கும் இது புதிதல்ல. கணக்கு எல்லோர் முன்னும் திறந்திருந்த வரை சங்கம் நிற்கும். கணக்குப் புத்தகம் ஒருவர் வீட்டு அலுமாரிக்குப் போன நாளில் சரியத் தொடங்கும்.

கூட்டாக முதலிட்டு, இலாப நட்டத்தைப் பங்கிட்டுக் கொள்வதற்கு நமது மார்க்கத்தில் முஷாரகா என்று பெயரே இருக்கிறது. அதைக் கடைத்தெருவில் மட்டும்தான் நினைக்கிறோம். பாய் இழைப்பவர், தறி நெய்பவர், வரையும் பிள்ளை, சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, விலையைத் தாங்களே எழுதி ஒட்டினால் என்ன? முதல் நாளே 10 ஏக்கர் தேவையில்லை. சோழமண்டலமும் முதலில் துணிதான் விற்றது.

உங்கள் வீட்டில் நெசவுச் சங்கத்திலோ பாய்ச் சங்கத்திலோ அங்கத்தவராக இருந்த மூத்தவர்கள் யாராவது உண்டா? அந்தச் சங்கம் எப்படி நடந்தது, ஏன் நின்றது என்று கேட்டு இங்கே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.