பாரிஸ் பரணில் விடுபட்ட கேள்வி

பாரிஸின் பதினைந்தாவது வட்டாரத்தில், டாக்டர் ரூ தெருவில் இருக்கிறது பாஸ்டியர் ஆய்வகம். அதன் கட்டடம் ஒன்றில் கூரைக்கு நேர்கீழே ஒரு நடைபாதையும் அதையொட்டிச் சில நெருக்கடியான அறைகளும் இருந்தன. அங்கே வேலை செய்தவர்கள் அந்த இடத்தைப் ‘பரண்’ என்றே அழைத்தார்கள். நடைபாதையின் ஒரு கோடியில் ழாக் மோனோ, மறுகோடியில் ஆந்த்ரே லுவாஃபும் பிரான்சுவா ஜாக்கோப்பும். 1965-இல் மருத்துவ நோபல் பரிசை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு மரபணு எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதை எது முடிவு செய்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான முதல் விடை அந்தப் பரணிலிருந்துதான் வந்தது. வரலாறு இதை வெற்றிக் கதையாகச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் பரணேறிய கேள்வி ஒன்று, அங்கிருந்து இறங்கிவந்த விடை வேறொன்றுக்கு உரியது. பாக்டீரியா ஏன் ஒரு சர்க்கரையை விட்டு இன்னொன்றை முதலில் தின்கிறது என்பதே மோனோவின் மூலக் கேள்வி. அதை ஒதுக்கி வைத்ததால்தான் அவர் வென்றார். ஒதுக்கி வைத்ததற்கான விலையைப் பாடநூல்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கின்றன.

1930-களின் பிற்பகுதியில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் மோனோ செய்துவந்த வேலை, பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டக்கூடியது. பாக்டீரியாவை ஊட்டநீரில் விட்டு, நேரம் போகப்போக அந்த நீர் எவ்வளவு கலங்குகிறது என்று அளந்து கோடு வரைவது. ஒரே சர்க்கரையைக் கொடுத்தால் கோடு வழுக்கிக்கொண்டு மேலே போகும். இரண்டைக் கலந்து கொடுத்தபோதுதான் விசித்திரம். சில ஜோடிகளில் கோடு ஏறி, நடுவில் படுத்து, மறுபடி ஏறியது. குளுக்கோஸையும் சார்பிட்டாலையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்து அவர் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குக் கொடுத்தார். குளுக்கோஸைக் கூட்டினால் முதல் படி உயர்ந்தது, சார்பிட்டாலைக் கூட்டினால் இரண்டாம் படி உயர்ந்தது. ஆக, பாக்டீரியா இரண்டையும் கலந்து உண்ணவில்லை. குளுக்கோஸை வழித்துத் துடைத்து முடித்த பிறகு, சற்று நின்று, அப்புறம்தான் அடுத்ததில் கைவைக்கிறது. இந்த இரட்டை வளர்ச்சிக்கு மோனோ ‘டயாக்ஸி’ என்று பெயரிட்டார். 1940-இன் இறுதியில் லுவாஃபிடம் கோட்டைக் காட்டியபோது, இது ‘நொதித் தகவமைப்பு’ சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்று அவர் சொன்னார். அப்படியொன்று இருப்பதே மோனோவுக்கு அதுவரை தெரியாது. அந்தக் கருத்து பழையதுதான்: 1900-இலேயே பிரெடெரிக் தீனேர், காலாக்டோஸில் வளர்க்கப்பட்ட ஈஸ்ட் அதைப் புளிக்கவைக்கப் ‘பழகிக்கொள்கிறது’ என்று பாரிஸில் எழுதியிருந்தார். எப்போதும் இருக்கும் நொதிகள், தேவைப்படும்போது மட்டும் தோன்றும் நொதிகள் என்ற பாகுபாட்டை 1930-இல் பின்லாந்தின் கார்ஸ்ட்ரோம் செய்திருந்தார். மோனோவிடம் புதிதாக இருந்தது பழகிக்கொள்ளும் திறன் அல்ல, வரிசை. எதற்கு முன் எது என்ற ஒழுங்கு. 1941-இல் ஆய்வேட்டுக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் இந்த வேலையால் சோர்போனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று அங்கிருந்த மூத்தவர் ஒருவர் தன்னிடம் சொன்னதாக லுவாஃப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.

போர்க்காலத்தில் எதிர்ப்பியக்கத்தில் இயங்கிய மோனோ, 1945-இல் பாஸ்டியர் ஆய்வகத்தின் பணியாளரானார். அந்த வளைகோட்டுக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. இரண்டாவது சர்க்கரை, எடுத்துக்காட்டாக லாக்டோஸ், வந்தால் மட்டும் அதைச் செரிக்கும் நொதி தோன்றுவது எப்படி? லாக்டோஸ் கண்ணெதிரே இருந்தும், குளுக்கோஸ் தீரும்வரை அது தோன்றாமலிருப்பது எப்படி? மோனோ முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அதற்காக மெல்வின் கோனும் அவரும் வகுத்த உத்தி நேர்த்தியானது. லாக்டோஸைப் போன்ற உருவம் கொண்ட, ஆனால் பாக்டீரியாவால் தின்ன முடியாத கந்தகச் சேர்மங்களைத் தூண்டியாகக் கொடுத்தார்கள். வளர்வதற்கோ குளுக்கோஸ் அல்லாத, சக்சினேட் போன்ற உணவு. தூண்டுவது வேறு, ஊட்டுவது வேறு என்று பிரித்தாயிற்று. கணக்கு சுத்தமானது, கூடவே குளுக்கோஸ் குடுவையை விட்டே வெளியேறியது. அதன் பிறகு முடிவுகள் வரிசையாக வந்தன. நொதி பழைய புரதத்திலிருந்து மாற்றி அமைக்கப்படுவதில்லை, புதிதாகவே கட்டப்படுகிறது என்று தெரிந்தது. ‘தகவமைப்பு’ என்ற சொல்லை 1953-இல் கைவிட்டுத் ‘தூண்டல்’ என்றார்கள். 1956-இல், லாக்டோஸை உள்ளே கொண்டுவரத் தனியாக ஒரு வாயில்காப்பான் இருப்பதாகச் சொல்லி அதற்குப் ‘பெர்மியேஸ்’ என்று பெயர் வைத்தார்கள். விருந்தினராக வந்திருந்த ஆர்தர் பார்டி, ஜாக்கோப், மோனோ மூவரும் செய்த, 1959-இல் வெளியான கலப்புச் சோதனை, ஓர் அடக்கிப் பொருள் மரபணுவைப் பூட்டி வைத்திருக்கிறது, தூண்டி அந்தப் பூட்டை நீக்குகிறது என்று காட்டியது. 1961-இன் புகழ்பெற்ற கட்டுரையில், ஒரே பூட்டின்கீழ் சேர்ந்து இயங்கும் மரபணுத் தொகுதியான ‘ஓபரான்’ என்ற கருத்து முழு வடிவம் பெற்றது.

இதில் குறை காண என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிக்கலில் ஓர் இழையை மட்டும் உருவி எடுப்பதுதானே அறிவியல்? குளுக்கோஸையும் வைத்துக்கொண்டு குழம்பியிருந்தால் அடக்கி அகப்பட்டிருக்குமா? அகப்பட்டிருக்காது. அந்தத் தேர்வு சரியானதே. ஆனால் வசதிக்காக ஒதுக்கியதை இல்லாததாகவே எண்ணும் பழக்கம் மெல்ல உள்ளே வந்துவிட்டது. கட்டுப்பாடு என்றால் பூட்டுவது, தூண்டுதல் என்றால் பூட்டை நீக்குவது என்ற வார்ப்பு பரணில் இறுகிப்போயிற்று. அராபினோஸ் என்ற சர்க்கரையை ஆராய்ந்த அமெரிக்கர் எல்லிஸ் எங்கிள்ஸ்பர்க், அங்கே ஒரு புரதம் மரபணுவைத் தடுப்பதற்குப் பதில் முடுக்கிவிடுகிறது என்று 1960-களில் சான்றோடு சொன்னார். அவர் பேச்சு எளிதில் எடுபடவில்லை. இரண்டு தடைகளைச் சேர்த்தால் ஒரு முடுக்கல் போலத் தோன்றாதா என்று கேட்டு மடக்கினார்கள். காலம் அவர் பக்கம் நின்றது. வேடிக்கை என்னவென்றால், பரணின் செல்லப்பிள்ளையான, லாக்டோஸுக்குரிய லாக் ஓபரானுக்கே முடுக்கிவிடும் புரதம் ஒன்று தேவை என்று 1970-வாக்கில் தெரியவந்தது. குளுக்கோஸ் இல்லாத குடுவையில் அது எப்போதும் வேலையில் இருந்ததால், யார் கண்ணிலும் படவில்லை.

மோனோ தன் பழைய கேள்வியை மறந்தே போனார் என்று சொன்னால் அது அநியாயம். குளுக்கோஸ் இருக்கும்போது ஈ.கோலைக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு குறைகிறது என்று 1965-இல் மேக்மனும் சதர்லாந்தும் கண்டார்கள். ஹங்கேரியிலிருந்து தப்பி வந்து பாரிஸில் சேர்ந்த ஆக்னஸ் உல்மனும் மோனோவும், அதே மூலக்கூறை வெளியிலிருந்து கொடுத்தால் குளுக்கோஸின் தடை தளர்கிறது என்று 1968-இல் காட்டினார்கள். கால் நூற்றாண்டுக்குப் பின் குளுக்கோஸ் பரணுக்குத் திரும்பியது. ஆனால் எப்படித் திரும்பியது? கட்டி முடித்த வீட்டுக்கு ஒட்டுத்திண்ணை போல. பாடநூல்களில் கதை இப்படி உறைந்தது: குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி குறையும், அதை நம்பியிருக்கும் முடுக்கிப் புரதம் முடங்கும், மரபணு தூங்கும். எல்லாமே டிஎன்ஏயின் மேல் நடக்கும் நாடகம்.

1996-இல் ஜப்பானின் இனாடா, கிமாட்டா, ஐபா மூவரும் மோனோவின் சோதனையைத் திரும்பவும் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் சைக்ளிக் ஏஎம்பியை அளந்தார்கள். குளுக்கோஸைத் தின்னும் கட்டத்திலும் லாக்டோஸைத் தின்னும் கட்டத்திலும் அளவு ஏறத்தாழ ஒன்றுதான்; இடைப்பட்ட தேக்கத்தில் மட்டும் அது உயர்ந்து இறங்கியது. வெளியிலிருந்து அதை ஊற்றினாலும் இரண்டு படிகள் மறையவில்லை. அடக்கியின் மரபணுவை நீக்கியபோது மறைந்தன. அப்படியானால் குளுக்கோஸ் எங்கே தடுக்கிறது? வாசலில். சால் ரோஸ்மனின் குழு 1964-இல் கண்டுபிடித்த ஏற்பாடு ஒன்றின்படி, குளுக்கோஸ் உள்ளே நுழையும்போதே அதன் மேல் ஒரு பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. அந்தப் பாஸ்பேட் சில புரதங்களின் வழியே கைமாறி வருகிறது. குளுக்கோஸ் வந்துகொண்டே இருந்தால், கடைசிக்கு முந்தைய புரதம் பாஸ்பேட்டைக் கொடுத்துக் கொடுத்து வெறுங்கையோடு நிற்கும். அந்த வெறுங்கைப் புரதம் லாக்டோஸ் பெர்மியேஸைப் பிடித்து அடைத்துவிடும். லாக்டோஸ் உள்ளே வராது, தூண்டி உருவாகாது, அடக்கி இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கினாலும் டயாக்ஸி போய்விடுகிறது. சைக்ளிக் ஏஎம்பி வேண்டாத சங்கதி என்று இதற்குப் பொருளல்ல. அது இல்லாவிட்டால் லாக் மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கா. ஆனால் ஒரு வேலைக்கு இன்றியமையாதது என்பதும், அந்த வேலையின் முன்பின் வரிசையை முடிவு செய்வது என்பதும் ஒன்றல்ல. அடுப்பில்லாமல் சமையல் நடக்காது. அதற்காக எதை முதலில் பரிமாறுவது என்று அடுப்பு தீர்மானிப்பதில்லை. வாசலில் இருக்கும் அந்தப் பெர்மியேஸைக் கண்டு பெயர் வைத்ததே பரண்தான் என்பதை நினைத்தால், விடைக்கு எவ்வளவு அருகில் இருந்திருக்கிறார்கள் என்று புரியும்.

நம் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் லாக் ஓபரான் பாடமாக இருக்கிறது. மாணவர்கள் பூட்டையும் சாவியையும் வரைகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள். இவ்வளவும் எந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியது என்பது அவர்கள் காதில் விழுவதில்லை. அந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்கள், ஓபரான் படத்தைப் போடும் முன், 1941-இன் அந்த இரண்டு படிக் கோட்டைக் கரும்பலகையில் வரைந்து, நடுவில் கோடு ஏன் படுத்திருக்கிறது என்று வகுப்பைக் கேட்டுப் பார்க்கட்டும்.