பிகோ இடமாற்றம் (2000)

போர்ச்சுகல் கால்பந்து வீரர் லூயிஸ் பிகோ, 2000 ஜூலையில் பார்சிலோனாவை விட்டு அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தது ஸ்பெயின் கால்பந்தில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. மாட்ரிட் சங்கத் தலைவர் தேர்தலில் ‘பிகோவைக் கொண்டுவருவேன்’ என்பதே புளோரென்டினோ பெரஸின் வாக்குறுதி, வென்றார், கொண்டுவந்தார். சுமார் 6 கோடி யூரோ என்பது அப்போதைய உலகச் சாதனைத் தொகை.

1995 முதல் பார்சிலோனாவுக்கு ஆடி, அணித்தலைவராகவும் இருந்தவர் என்பதால்தான் ரசிகர்களின் கோபம் அத்தனை கடுமையானது. 2000 அக்டோபரில் அவர் பார்சிலோனாவின் கேம்ப் நௌ மைதானத்துக்குத் திரும்பியபோது ‘துரோகி’, ‘யூதாஸ்’ என்ற பதாகைகள் வரவேற்றன. பந்து அவர் காலுக்கு வரும்போதெல்லாம் காது செவிடாகும்படி கூச்சலும் விசிலும் எழுந்தன. பார்சிலோனா 2-0 என வென்றது.

உச்சம் 2002 நவம்பர் 23, அதே மைதானத்தில் இரு அணிகளும் மோதிய ஆட்டம். பிகோ கார்னர் அடிக்கப் போகும்போதெல்லாம் பாட்டில்கள் பறந்தன. அவற்றோடு ஒரு பன்றித் தலையும் வந்து விழுந்தது. நடுவர் ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தினார். ரசிகர் வெறுப்பைப் பேசும்போது இன்றும் முதலில் காட்டப்படுவது அந்தத் தலையின் படம்தான். பொருள் வீசியதை எந்த ஏமாற்றமும் நியாயப்படுத்தாது. ஆட்டம் கோலின்றி முடிந்தது.

பிகோ 2005இல் இத்தாலியின் இன்டர் மிலானுக்குச் சென்று, 2009இல் ஓய்வு பெற்றார்.