தோட்டப் பள்ளியும் குழுச் சித்திரமும்

சித்திரம் வாயிலாக எழுத்தறிவூட்டுதல் இன்று நேற்றுத் தோன்றிய முறையன்று. 1658 ஆம் ஆண்டில் நியூரம்பேர்க்கில் வெளிவந்த கொமெனியசின் சித்திரநூல், படங்களோடு இலத்தீனையும் செருமானிய மொழியையும் அருகருகே நிறுத்திற்று. ஒரு பொருளுக்கு இரு பெயருண்டென்பதைப் பிள்ளை கண்ணாற் கண்டு தெளிந்தது. பலாங்கொடைத் தோட்டங்களுக்கு இது பெரிதும் பொருந்தும்.

இலங்கையிலே, 1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் துரைமார்மீது சுமத்திற்று. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலியுறுத்திற்று. கிடைத்ததோ பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. தாய்மொழி என்றவிடத்துத் தமிழே கருதப்பட்டது. ஆயினும் சில குடும்பங்கள் வீட்டில் தெலுங்கு பேசின. அயற்கிராமம் சிங்களம் பேசிற்று. கந்தோரில் ஆங்கிலம் ஆட்சி செய்தது.

அதே 1920 இல் சித்திரக் கல்விப் பரிசோதகராய்ப் பொறுப்பேற்ற வின்சர், பார்த்து வரைதலை விடுத்துப் பிள்ளையின் சொந்தக் கற்பனையைப் போற்றினார். எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் அவர் பெயராற் கழகமொன்று கண்டார். அவ்வொளி தோட்டங்களை எட்டியதெனக் கூறுதற்கில்லை. அங்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பனவே பாடம்.

ஐவர் கூடி, தரையில் விரித்த ஒரே தாளிலே தம் தோட்டத்தை வரைகின்றனர் எனக் கொள்க. ஒருத்தி லயத்தை வரைவாள். ஒருவன் பிரட்டுக்களத்தை வரைவான். பிறிதொருவன் துரையின் பங்களாவைத் தாளின் பாதியளவு பெரிதாக்கிவிடுவான். எங்கே எது நிற்பதென்ற வாக்குவாதமே முதற் பேச்சுப் பயிற்சியாகும். பெயரெழுதப் புகுங்காலோ வரலாறே வெளிப்படும். லயம் ஆங்கில ‘லைன்’, பிரட்டு ‘பரேட்’, காம்பரா போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு, துரை தெலுங்கிலிருந்து வந்ததென்பர், கங்காணியோ நம் ‘கண்காணி’, ஆங்கிலேயரும் ஏற்றுக்கொண்ட தமிழ். இவற்றைக் கொச்சையென்று சிவப்பு மையால் வெட்டும் ஆசிரியர், பிள்ளை பிறந்த வீட்டையே வெட்டுகின்றார். முதலில் அவன் சொல்லை எழுதட்டும். இல்லம், அறை என்பன பின்னர் வரலாம். அருகே கெதர, கந்த எனச் சிங்களப் பெயர்களையும் எழுதினால், கொமெனியசு செய்ததே ஈண்டும் நிகழும்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களுக்குப் பின் தோட்டப் பள்ளிகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் குழுச் செயற்பாட்டுக்கும் இரண்டாம் தேசிய மொழிக்கும் இடமளித்தது. எனினும் சப்பிரகமுவவிலே தமிழ்ப் பள்ளிகள் சிதறிக் கிடத்தலின், தோட்டப் பிள்ளைகள் பலர் அண்மையிலுள்ள சிங்களப் பள்ளியிற் சேர்கின்றனர். அவ்வகுப்பிலும் சித்திரத்தின் கீழ் இருமொழியிற் பெயரெழுதச் செய்தற்குப் புதுச் சட்டமோ பெருஞ் செலவோ வேண்டுவதில்லை. இரு எழுத்தும் அறிந்த ஆசிரியர் வேண்டும்; அத்தகையோர் இன்னும் போதிய அளவில் இல்லை.